சரீரம் உயிர்த்தெழும் என்று சொல்லும்போது எதை ஒப்புக்கொள்கிறோம்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். நடுவயதில் சபையில் சேர ஆயத்தமாகிறீர்கள். போன வருடம் அம்மா மறைந்தபோது, அடக்க ஆராதனையில் ஒருவர் "அம்மா இப்போது கர்த்தரோடு இருக்கிறார்கள்" என்றார். கல்லறையருகே இன்னொருவர் "எக்காளம் தொனிக்கும் நாள்வரை நித்திரையில் இருப்பார்கள்" என்றார். வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொன்ன அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணமோ "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று முடிகிறது. அம்மா ஏற்கெனவே பரலோகம் போய்விட்டார்கள் என்றால் சரீரம் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? இது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: சபைக்கு முன்னால் நின்று அந்த வரியைச் சொல்லும்போது நான் எதையெல்லாம் நம்பியாக வேண்டும்? கடைசியில் போகிறபோக்கில், ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோன அப்பாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் இறையியல் படித்தவன். சீர்திருத்த மரபில் வந்த ஒரு சபையில் பெரியவர்களுக்கான ஆயத்த வகுப்புகளைப் பல வருடங்களாக நடத்துகிறேன். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் போதனைகளை அவர்களுடைய ஆவணங்கள் வழியாகத் தெரிந்துகொண்டேனே தவிர, அந்த வாழ்க்கைக்குள் இருந்து பழகியவன் அல்ல. அந்தக் குறையோடுதான் எழுதுகிறேன்.

விசுவாசப்பிரமாணத்தை ஒருமுறை நிறுத்தி நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆத்துமா பரலோகத்துக்குப் போகும் என்று அதில் எங்கேயும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப்பேர் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பார்கள். கிறிஸ்து பாடுபட்டார், மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று போய், சரீரத்தின் உயிர்த்தெழுதலிலும் நித்திய ஜீவனிலும் நிற்கிறது. 325-இல் நிசேயாவில் தொடங்கி 381-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் இன்றைய வடிவம் பெற்றதாகக் கொள்ளப்படும் நிசேயா விசுவாசப்பிரமாணமும் மரித்தோர் உயிர்த்தெழுவதையும் வரப்போகிற உலகத்தின் வாழ்வையும்தான் எதிர்நோக்குகிறது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபையார் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இவ்வளவுதான். இது உறுதி. மரணத்துக்கும் அந்த நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இந்த அறிக்கைகள் வாய் திறக்கவில்லை.

சரீரத்தின்மேல் ஏன் இத்தனை பிடிவாதம்? காரணம் ஈஸ்டர் காலையில் இருக்கிறது. கல்லறைக்குப் போன பெண்கள் சொன்னது "அவருடைய ஆத்துமா பிழைத்திருக்கிறது" என்பதல்ல. கல்லறை காலியாக இருக்கிறது என்பது. லூக்கா 24-இல் சீஷர்கள் ஏதோ ஆவியைக் காண்கிறோம் என்று நடுங்குகிறார்கள். இயேசு கைகளையும் கால்களையும் காட்டுகிறார், தொட்டுப் பார்க்கச் சொல்கிறார், அப்போதும் அவர்களால் நம்ப முடியாததால் "சாப்பிட ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். யோவான் 20-இல் அதே இயேசு பூட்டிய கதவுகளுக்குள் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். காயங்கள் ஆறி மறைந்துவிடவில்லை, தோமா விரலிட்டுப் பார்க்கும்படி அப்படியே இருக்கின்றன. அதே ஆள்தான், அதே சரீரந்தான், ஆனால் பழைய கட்டுகளுக்குள் இல்லை. பெத்தானியா லாசருவின் கதையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாசரு பிரேதச் சீலைகளோடு வெளியே வந்தான், மறுபடியும் ஒருநாள் செத்தான். அவனுக்குக் கிடைத்தது பழைய வாழ்க்கையின் நீட்டிப்பு. இயேசுவோ மரணத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர். நமக்கும் அதுவே வரும் என்பதுதான் அந்த வரியின் பொருள். அதனால்தான் பவுல், "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று கொரிந்தியருக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

இது அந்தக் காலத்தில் எளிதாக விலைபோன சரக்கு அல்ல. யூதர்களிலேயே சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள், பரிசேயர் நம்பினார்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது, மரித்தோர் எழுவதைப் பற்றிச் சொன்னதும் சிலர் பரியாசம்பண்ணினார்கள். பிளேட்டோ வழிவந்தவர்களுக்கு ஆத்துமா அழியாது என்பதில் சிரமம் இல்லை. உடம்பு என்கிற சிறையிலிருந்து தப்பிய பிறகு மறுபடி அதற்குள்ளேயே ஏன் போக வேண்டும் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. நீங்கள் கேட்டதும் ஏறக்குறைய அதேதான். பதிமூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் 1 கொரிந்தியர் 15-க்கு விளக்கம் எழுதும்போது ஒரு பதில் தந்தார்: என் ஆத்துமா நான் அல்ல, ஆத்துமா மட்டும் இரட்சிக்கப்பட்டால் நான் இரட்சிக்கப்பட்டதாகாது. ஆத்துமா அழியாது என்பதை முழுமனதோடு நம்பிய ஒருவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரு குரல் இருந்தது, நடை இருந்தது, உங்கள் தலையைத் தொட்ட கை இருந்தது. அவையெல்லாம் கழற்றிப் போட்ட உறை, உள்ளே இருந்ததுதான் அம்மா என்று சொல்வது அழகாகத் தோன்றும். ஆனால் அது சபையின் விசுவாசம் அல்ல. மரணம் பவுலுக்கு நண்பன் அல்ல, வாசலும் அல்ல. "பரிகரிக்கப்படுங் கடைசிச்சத்துரு மரணம்" என்கிறார். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார், சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும். அடக்க ஆராதனையில் "அழாதீர்கள், அவர்கள் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்கள்" என்று அதட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எப்படிப்பட்ட சரீரம் என்று அடுத்துக் கேட்பீர்கள். கொரிந்தியரும் கேட்டார்கள், "புத்தியீனனே" என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். விதைப்பது ஒன்று, முளைத்து வருவது இன்னொன்று, இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் விதையைப் பார்த்துச் செடியைச் சொல்லிவிட முடியாது என்பது அவர் தரும் விளக்கம். அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். 'ஆவிக்குரிய சரீரம்' என்று அவர் சொல்வதைப் புகைபோன்ற உடம்பு என்று பலர் நினைக்கிறார்கள். தேவ ஆவியானவரால் இயங்கும் சரீரம் என்று எடுத்துக்கொள்வதே அந்த அதிகாரத்தின் போக்குக்கும் ரோமர் 8:11-க்கும் பொருந்துகிறது. இதற்குமேல் விவரம் கிடையாது. எந்த வயதுத் தோற்றத்தில் எழுவோம், ஒருவரையொருவர் எப்படி அடையாளம் காண்போம் என்றெல்லாம் பிற்காலத்தார் எழுதியது ஊகம். யோவானே "இனி எவ்விதமாயிருப்போமென்று இன்னும் வெளிப்படவில்லை" என்று எழுதி நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் எல்லா வகுப்பிலும் ஒருவர் தகனத்தைப் பற்றிக் கேட்பார். உடம்பு சாம்பலாகிவிட்டால் தேவன் எதை எழுப்புவார்? 177-இல், இன்றைய பிரான்சில் இருக்கும் லியோனில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இல்லாமல் போகட்டும் என்று எதிரிகள் சொல்லிக்கொண்டே அதைச் செய்ததாக, சபை வரலாறு எழுதிய யூசேபியு பதிவுசெய்த கடிதம் சொல்கிறது. அந்தச் சபையார் மிகவும் துக்கப்பட்டார்கள், ஆனால் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அகஸ்டின் இதைவிடக் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டார்: பஞ்சத்தில் ஒருவன் இன்னொருவனைத் தின்றால் அந்தச் சதை யாருடையதாய் எழும்? முதலில் யாருடையதோ அவனுடையது, தின்றவன் கடன் வாங்கியதாகத்தான் கணக்கு என்பது அவர் பதில். பதில் உங்களுக்குத் திருப்தி தராமல் போகலாம், எனக்கும் முழுத் திருப்தி இல்லை; ஆனால் இந்தக் கேள்விகள் நமக்குத்தான் முதலில் தோன்றின என்று நினைத்துவிட வேண்டாம். கத்தோலிக்க சபை 1886-இல் தகனத்தைத் தடைசெய்து, 1963-இல் அனுமதித்தது; 2016-இல் வந்த அறிவுரை சாம்பலைத் தூவவோ பங்கிடவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றது. புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் இதைக் குடும்பத்தின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையல்ல என்பதில் எங்கேயும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி அம்மாவின் அடக்கத்தில் அந்த இரண்டு பேர் சொன்னதற்கு வருவோம். மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட நடுக்காலத்தைப் பற்றி வேதத்தில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது, இரண்டும் உண்மையாகவே இருக்கிறது. பிரசங்கி "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்கிறான். தானியேல் 12 பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. தெசலோனிக்கேயாவில் சிலர் இறந்துபோய், மற்றவர்கள் கலங்கியபோது, பவுல் அவர்களை நித்திரையடைந்தவர்கள் என்றே அழைத்து, கர்த்தர் வரும்போது முதலில் எழுந்திருப்பவர்கள் அவர்கள்தான் என்று ஆறுதல் சொன்னார். கவனித்தீர்களா, "அவர்கள் இப்போதே பரலோகத்தில் இருக்கிறார்கள்" என்று அங்கே அவர் சொல்லவில்லை. மறுபக்கத்தில், சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று வாக்கு கிடைத்தது. அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை என்கிறார். வெளிப்படுத்தல் 6-இல் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின்கீழே இருந்து "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகின்றன. இன்னுங்கொஞ்சக்காலம் இளைப்பாறும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஐசுவரியவானும் லாசருவும் கதையை (இந்த லாசரு வேறு, பெத்தானியா லாசரு அல்ல) சிலர் மறுவுலகத்தின் வரைபடமாகவே விரித்துக் காட்டுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அது வாசலில் கிடந்த ஏழையைக் கண்டுகொள்ளாதவனைப் பற்றிய உவமை.

இந்த இரண்டு பேச்சையும் எப்படிச் சேர்ப்பது என்பதில் சபைகள் பிரிந்தன, ஒரே சபைக்குள்ளும் மோதல் வந்தது. 1331-இல் அவிஞோனில், திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் தம் பிரசங்கங்களில், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் கடைசி நியாயத்தீர்ப்புவரை தேவனை முகமுகமாய்த் தரிசிப்பதில்லை என்று சொன்னார். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் எதிர்த்தார்கள், பிரான்ஸ் அரசரும் தலையிட்டார். 1334 டிசம்பரில், மரணப்படுக்கையில், கிழவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல், முழுதும் தூய்மையடைந்த ஆத்துமாக்கள் கடைசி நாளுக்கு முன்பே தேவனைத் தரிசிக்கின்றன என்று வரையறுத்தார். கத்தோலிக்கருக்கு அது அன்றிலிருந்து தீர்ந்த விஷயம். தூய்மையடைய வேண்டியவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, நம் ஜெபங்கள் அவர்களுக்கு உதவும் என்று திரெந்து சங்கம் 1563-இல் உறுதிப்படுத்தியது. இதற்கு அவர்கள் காட்டும் முக்கிய வசனமான 2 மக்கபேயர் 12 புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபையார் மரித்தோருக்காக மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் ஜெபிக்கிறார்கள், ஆனால் உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கத்தோலிக்கர் வரையறுத்தபடி ஏற்பதில்லை. லூத்தர் மரணத்தை ஆழ்ந்த தூக்கமாகப் பலமுறை வர்ணித்தார். சீர்திருத்த மரபின் முன்னோடிகளில் ஒருவரான கால்வினோ 1534-இல், இருபத்தைந்து வயதிலேயே, ஆத்துமா தூங்குகிறது என்கிற கருத்துக்கு எதிராகத் தனி நூல் எழுதினார். சீர்திருத்த மரபினர் இங்கிலாந்தில் எழுதி 1646-இல் முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, ஆத்துமாக்கள் சாவதும் இல்லை தூங்குவதும் இல்லை என்று அடித்துச் சொல்கிறது. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையார் மரித்தவர்கள் உயிர்த்தெழுதல்வரை உணர்வின்றி இருப்பதாகப் போதிக்கிறார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவின் அடக்கத்தில் பேசிய இருவரும் வேத வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். என் சாய்வைக் கேட்டால், முதலாமவர் பக்கம். காரணம் பவுல் சொன்ன விதம். மரித்தபின் நான் இன்ன இடத்தில் இருப்பேன், இன்னது பார்ப்பேன் என்று அவர் எழுதவில்லை. யாரோடு இருப்பேன் என்பதை மட்டும் எழுதினார். தேவனிடமிருந்து மரணமாவது ஜீவனாவது நம்மைப் பிரிக்க மாட்டாது என்று ரோமர் 8-இல் சொன்னவர், நடுவில் ஒரு பிரிவுக்காலம் உண்டு என்று எண்ணியிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 'கிறிஸ்துவோடு இருத்தல்' சரீரமில்லாமல் எப்படி இருக்கும், அங்கே காலம் எப்படி ஓடும் என்பதையெல்லாம் யாரும் விளக்கியதில்லை. முதலாமவர் சொன்னது சரியென்று வைத்துக்கொண்டாலும், உங்கள் அம்மா இன்னும் காத்திருக்கிறார்கள். பரலோகம் பயணத்தின் கடைசி அல்ல. வெளிப்படுத்தலின் முடிவில் மனிதர்கள் மேலே ஏறிப்போவதில்லை, புதிய எருசலேம் இறங்கி வருகிறது. புதிய வானம் மட்டுமல்ல, புதிய பூமியும் உண்டு. சரீரம் எதற்கு என்று கேட்டீர்களே, அந்தப் பூமியில் வாழ்வதற்கு.

நீங்கள் எதை நம்பியாக வேண்டும் என்கிற கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். கிறிஸ்து உண்மையாகவே எழுந்தார், அவர் வருவார், நம்மையும் முழு மனிதராய் எழுப்புவார், அந்த வாழ்வுக்கு முடிவில்லை: இவற்றை நம்பாமல் அந்த வரியைச் சொல்லாதீர்கள். நடுக்காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெளிவில்லாவிட்டால் புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் அது தடையல்ல. கத்தோலிக்க சபையில் சேருகிறீர்கள் என்றால் 1336-இன் வரையறையும் உத்தரிக்கிற ஸ்தலமும் சேர்ந்தே வரும். இரகசிய வருகை (கிறிஸ்து தம்முடையவர்களை முன்னதாகவே மறைவாய் எடுத்துக்கொள்வார் என்பது), கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி எப்போது என்பதைப் பற்றிய அட்டவணைகளைச் சிலர் விசுவாசத்தின் அடிப்படைபோல நடத்துகிறார்கள். பழைய விசுவாசப்பிரமாணங்கள் எதிலும் அவை இல்லை. இரகசிய வருகையைத் தனி நிகழ்ச்சியாகப் போதிக்கும் முறை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியது. வேண்டுமானால் படியுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவைப் பற்றி. அவர் இப்படித்தான் என்று உங்களிடம் உறுதியாகச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறது. தீர்ப்பை முன்கூட்டியே வாசிக்க நம்மிடம் தரவில்லை. கண்டிப்பான சபைகள், கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று போதிக்கின்றன, அதற்கு யோவான் 14:6-ஐயும் அப்போஸ்தலர் 4:12-ஐயும் காட்டுகின்றன. அவை கனமான வசனங்கள், தட்டிக்கழிக்க முடியாது. கத்தோலிக்க சபை 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு தேவனைத் தேடி, மனசாட்சியின்படி நடக்க முயன்றவர்களும் இரட்சிப்பை அடைய முடியும் என்றது. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளைக் குறித்தும், அவர்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பிக்கைகொள்ள இடமுண்டு என அவர்களுடைய பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் எழுதியது. இந்த இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் நான் நிற்கிறேன்: இரட்சிப்பு கிறிஸ்துவால் மட்டுமே வரும் என்று நம்புகிறேன், அவர் யாரிடம் எந்த வழியில் வருவார் என்று எல்லை போட நான் துணிய மாட்டேன்.

உங்கள் ஆயரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இதில் சபைக்குச் சபை வழக்கம் வேறு: அப்பாவுக்காக நான் ஜெபிக்கலாமா? சீர்திருத்த சபைகள் பல வேண்டாம் என்று சொல்லும், இறந்தவரைத் தேவனிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்லும். உத்தரிக்கிற ஸ்தலத்தை அவ்வளவு கடுமையாகத் தாக்கிய லூத்தர், 1528-இல் எழுதிய விசுவாச அறிக்கையில் இதற்கு ஒரு சின்ன வாசலைத் திறந்துவைத்தார். மரித்தோருக்காக ஜெபிப்பதைப் பற்றி வேதம் நமக்கு ஒன்றும் சொல்லாததால், 'அன்பான தேவனே, இந்த ஆத்துமா இரக்கம் பெறக்கூடிய நிலையில் இருந்தால் அதற்கு இரங்கும்' என்கிற பொருளில் ஜெபிப்பது பாவமல்ல, ஒருமுறையோ இருமுறையோ அப்படி ஜெபித்தால் போதும் என்றார்.